மலையகத்தில் இருந்துகொண்டு எந்த வகை அறிவியல் புனைவை எழுதுவது?

போன டிசம்பரில், இலங்கையின் தேயிலை மலைப் பகுதியான மலையகத்தில், அட்டனில் ஒரு சின்ன வாசகர் சந்திப்பு. முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி பக்கத்தில் வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில், அதாவது நாங்கள் சொல்கிற ஸ்டோரில், இரவு வேலை பார்ப்பவர். "அண்ணே, சயன்ஸ் பிக்ஷன் எழுத ஆசை. எதுல தொடங்குறதுன்னுதான் தெரியல. ரோபோவா, வேற்றுக்கிரகமா, டைம் மெஷினா?" அடுத்த வாரம் பண்டாரவளைப் பக்கம் படிப்பிக்கிற டீச்சர் ஒருவர் அதையே வேறு மாதிரிக் கேட்டார்: "நாலு கதை தொடங்கினேன், நாலும் பாதியில நிக்குது. வகை பிழையா, நான் பிழையா?"

பெரும்பாலும் வகைதான் பிழை. அறிவியல் புனைவு என்று ஒற்றைப் பெயரில் சொன்னாலும் அது பல காம்பரா உள்ள ஒரு லயம், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. கூரை ஒன்றுதான், ஆனால் அடுப்புக்கு அடுப்பு சமையல் வேறு. தெரியாத வீட்டுக்குள் நுழைந்து உப்பு எங்கே, புளி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால் சோறு வேகாது.

எனக்கே இது தாமதமாகத்தான் புரிந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருந்த மாதங்களில், மூன்று சீ.ஆர். கொப்பி நிறைய ஒரு விண்மீன் பேரரசின் கதையை எழுதினேன். பதினொரு கிரகம், மூன்று போர், ஓர் இளவரசி. கிரகங்களுக்குப் பெயர் வைத்தே ஒரு கொப்பி முடிந்தது. வாசித்த அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இவங்கெல்லாம் காலையில என்ன சாப்பிடுவாங்க?" என்னிடம் பதில் இல்லை. பிறகு ஒரு மழை நாளில் ரொட்டி சுட அடுப்புப் பற்றவைக்க அம்மா அந்தக் கொப்பிகளை எடுத்தார். நான் தடுக்கவில்லை.

நிறுப்பதற்கு முன் தராசு

எந்த வகையையும் நான் நாலு கேள்வி கேட்டுத்தான் நிறுப்பேன்.

முதலாவது, வீட்டுப்பாடம். முதல் வரி எழுதுவதற்கு முன் எவ்வளவு படிக்க வேண்டும், அது எங்கே கிடைக்கும்?

இரண்டாவது, தமிழ். கதை கேட்கிற சொற்கள் நம்மிடம் இருக்கின்றனவா, இல்லை ஒவ்வொரு பந்தியிலும் நின்று விளக்க வேண்டுமா?

மூன்றாவது, மலைக்கு வேலை உண்டா? கதையைத் தூக்கிக் கொழும்பிலோ சென்னையிலோ வைத்துப் பாருங்கள். எதுவும் உடையவில்லை என்றால் உங்கள் தேயிலை மலை வெறும் கலண்டர் படம்.

நான்காவது, நேரம். பகல் முழுக்க வேலை செய்துவிட்டு இரவில் எழுதுகிறவரால் முடிக்கக்கூடிய நீளமா?

இதற்கு மேல் ஒன்று உண்டு. மடுவத்தில், அதாவது தோட்டத்து நிறுவைக் கொட்டகையில், தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். அதுபோல ஒவ்வொரு வகையும் உங்களிடமிருந்து சத்தமில்லாமல் ஒன்றைக் கழிக்கிறது. அதை நான் 'கழிவு' என்றே சொல்கிறேன்.

வன் அறிவியல் புனைவு

கதையில் உள்ள அறிவியல் கணக்குக்கு நிற்க வேண்டும், கணக்கை மாற்றினால் கதையே விழ வேண்டும் என்பதுதான் இந்த வகையின் சட்டம்.

இதற்குப் பேர்போன உதாரணம் ஒன்று நம் வாசலிலேயே இருக்கிறது. ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். 1979இல் வந்த அவருடைய 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். அதன் அடி நிற்கிற மலை, மஸ்கெலியாப் பக்கத்து லயங்களிலிருந்து இரவில் விளக்கு வரிசையாகத் தெரிகிற நமது சிவனொளிபாத மலைதான். பெயரை மட்டும் கொஞ்சம் மாற்றினார். ஆனால் ஒரு சிக்கல். அப்படி ஒரு தூக்கியின் மேல் நிலையம் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுகிற பாதையில் கட்டப்பட வேண்டும். அந்தப் பாதை மத்தியகோட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. நம் மலையோ வடக்கே ஏழு பாகையளவு தள்ளி நிற்கிறது. கிளார்க் மலையை விடவில்லை. தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே இழுத்து வைத்தார், அதைப் புத்தகத்திலேயே சொல்லியும் விட்டார். ஒரே ஒரு பொய், அதுவும் அளந்து சொன்ன பொய். இந்த வகையில் அவ்வளவுக்குத்தான் இடம் உண்டு.

வீட்டுப்பாடம் அதிகம் என்று பயப்படுவார்கள். ஆனால் நாம் தினமும் பார்க்கிற பொருள்களிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. லயத்துத் தகரக் கூரையில் பூட்டியிருக்கிற டிஷ்ஷைப் பாருங்கள். நம் ஊரில் அது ஏறக்குறைய அண்ணாந்து வானத்தைப் பார்க்கும். லண்டனில் அதே டிஷ் சுவரில் ஒட்டிக்கொண்டு அடுத்த தெருவை எட்டிப் பார்க்கிற மாதிரி நிற்கும். நாம் மத்தியகோட்டுக்குக் கிட்ட இருக்கிறோம், செய்மதி நம் தலைக்கு மேலே நிற்கிறது, அதுதான் காரணம். அப்படி நிலையாக நிற்கிற செய்மதிகளை வைத்து உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவரும் இதே கிளார்க்தான்.

இன்னொன்று. நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, ஏறத்தாழ 94இலேயே கொதித்துவிடும். உயரம் கூடினால் அமுக்கம் குறையும், அமுக்கம் குறைந்தால் கொதிநிலை இறங்கும். சரி, சந்திரனில் ஒரு குடியிருப்பு. செலவைக் குறைக்க உள்ளே காற்றமுக்கத்தைப் பூமியில் இருப்பதில் பாதியாக வைத்திருக்கிறார்கள். அங்கே தண்ணீர் 82 பாகையளவில் கொதித்து முடிந்துவிடும். தேயிலையின் சாயம் சரியாக இறங்காது. நம் தேயிலை மலையிலிருந்து அங்கே போன ஒரு பொகவந்தலாவைக்காரர் முதல் நாள் காலை கோப்பையை வைத்துவிட்டு என்ன சொல்வார்? இரண்டாயிரம் சொல்லில் ஒரு கதை முடிந்துவிட்டது. கவனியுங்கள், பொகவந்தலாவைக்காரரை எடுத்துவிட்டால் அந்தக் கதை இல்லை.

தமிழ் விஷயத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அமுக்கம், ஒட்சிசன், ஒட்சியேற்றம் என்று பாடசாலைப் புத்தகத்திலேயே சொல் படித்து வந்திருக்கிறோம். தமிழ்நாட்டு வாசகர் அழுத்தம், ஆக்சிஜன் என்பார். பரவாயில்லை, உங்கள் சொல்லையே எழுதுங்கள். இடத்தின் வாசம் அதில்தான் வரும்.

கழிவு: மனிதர். கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில் ஆட்களை மறந்துவிடுவோம். வெளியாகிற வன் புனைவுகளில் பாதியில் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்துகிறார்கள். அப்புறம், ஒரு பிழை கண்டுபிடிக்கிற வாசகர் எப்போதும் ஒருவர் இருப்பார். அவருக்கு நன்றி சொல்லப் பழக வேண்டும்.

விண்வெளிக் காவியம்

இந்தப் பெயரின் ஆங்கில மூலமான 'ஸ்பேஸ் ஒபெரா' 1941இல் வில்சன் டக்கர் என்பவர் கிண்டலாக வைத்தது. பேரரசு, கப்பற்படை, பல கிரகம், பல தலைமுறை. என் மூன்று கொப்பிகளின் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன், அதற்கு மேல் புத்திமதி எதற்கு? சிறுகதையில் அடங்காது, உலகத்தைக் கட்டுவதிலேயே இரண்டு வருடம் போகும், மலைக்குப் பெரும்பாலும் வேலை இருக்காது.

ஒரே ஒரு கிளையை மட்டும் விடாதீர்கள்: தலைமுறைக் கப்பல். போய்ச் சேர நூறு, இருநூறு வருடமாகும் கப்பலில் பிறந்து, அதிலேயே வாழ்ந்து, அதிலேயே சாகிற மக்களின் கதை. ஏறிய துறைமுகத்தைப் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. இறங்கப்போகிற இடத்தைப் பார்த்தவரும் இல்லை. பாட்டனுடைய கடன் பேரன் பெயரில் ஓடுகிறது. அறைகள் வரிசையாக, ஒரே அளவில். யாருடைய கதை இது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலைநாட்டு எழுத்தாளர் கற்பனை செய்து எழுத வேண்டிய மனநிலை நம் பாட்டிமாரின் பேச்சிலேயே கிடக்கிறது.

சைபர்பங்க்

1983இல் புரூஸ் பெத்கி ஒரு சிறுகதைக்கு இந்தப் பெயரை வைத்தார். அடுத்த வருடம் வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' வந்து வகையை நிலைநிறுத்தியது. தொழில்நுட்பம் உச்சத்தில், வாழ்க்கை பாதாளத்தில் என்பதுதான் இதன் சாரம்.

பெரிய நகரம், நியொன் வெளிச்சம், ஓயாத மழை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மழை நம்மிடம் தாராளமாக இருக்கிறது. மற்றதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். மின்தராசு வந்த புதிதில் சித்தியைக் கூட்டிவர மடுவத்துக்குப் போயிருந்தேன். மழை விட்ட நேரம். இடுப்பில் கட்டிய படங்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சாக்கைத் தூக்கி வைத்தார். சிவப்பு எண்கள் ஏறின, நடுங்கின, இறங்கி ஒரு இடத்தில் நின்றன. சித்தி கையால் தூக்கிப் பார்த்தே கிலோ சொல்கிறவர். அன்று அவர் மனதில் இருந்த கணக்கும் தராசு காட்டியதும் இரண்டரை கிலோ வித்தியாசம். ஒன்றும் சொல்லவில்லை. வழியில்தான் சொன்னார்: "பழைய தராசுன்னா முள்ளு ஆடுறது நம்ம கண்ணுக்கும் தெரியும். இது பொட்டிக்குள்ள ஆடுது."

சைபர்பங்க் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கணிப்பது யார், அந்தக் கணிப்பைத் திறந்து பார்க்க யாருக்கு உரிமை? நகரம் தேவையே இல்லை.

வீட்டுப்பாடம் நடுத்தரம், கையில் இருக்கிற போனைப் புரிந்துகொண்டாலே போதும். நீளம் சிறுகதைக்குப் பொருந்தும். கழிவு இரண்டு. ஒன்று, எழுதிய தொழில்நுட்பம் மூன்று வருடத்தில் பழசாகிவிடும், கதையும் சேர்ந்து நரைத்துவிடும். மற்றது பெரியது: கதை முறைப்பாட்டுக் கடிதமாக மாறிவிடுகிற ஆபத்து. இந்த வகையின் ஆட்கள் தந்திரசாலிகள், பொட்டியைத் திறந்து பார்க்கிறவர்கள். உங்கள் பாத்திரம் வெறுமனே பாதிக்கப்பட்டவராக உட்கார்ந்திருந்தால் அது சைபர்பங்க் இல்லை.

ரோபோ கதை

தமிழில் ரோபோ என்றதும் சுஜாதாவின் ஜீனோ என்கிற இயந்திர நாய்தான் பலருக்கு ஞாபகம் வரும். குறும்பும் புத்தியும் உள்ள செல்லம். ஆனால் அந்தச் சொல் பிறந்த இடம் வேறு. 1920இல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் எழுதிய நாடகத்தில்தான் அது முதலில் வருகிறது. செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையடிமைகள் நிலச் சொந்தக்காரனுக்குச் செய்ய வேண்டிய கட்டாய வேலை. அதாவது ரோபோ என்ற சொல்லே ஒரு தோட்டத்தில் பிறந்த சொல். நாமோ அதை ஜப்பானிலிருந்து இறக்குமதி செய்த சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு சொத்தும் இருக்கிறது. ஸ்டோரில் உருளுகிற இயந்திரங்களுக்குக் காவலாக ரோதைமுனி என்று ஒரு சாமியைக் கும்பிடுகிற வழக்கம் மலையகத்தில் உண்டு. ரோதை என்றால் சக்கரம். இயந்திரத்துக்குள் ஒரு மனம் இருக்கிறது, அதைச் சமாதானப்படுத்தாவிட்டால் கையை எடுத்துவிடும் என்ற எண்ணம் நம் ஆட்களுக்குப் புதிதே இல்லை. செயற்கை அறிவு பற்றி எழுத விரும்புகிறவர்கள் அமெரிக்க ஆய்வகத்தை விட்டுவிட்டு அந்தச் சூடக்கட்டியிலிருந்து தொடங்கலாம்.

கழிவு: தேய்ந்த பாதை. இயந்திரம் அழுதது, காதலித்தது, எஜமானைக் கொன்றது, எல்லாம் எழுதியாயிற்று.

ஸ்டீம்பங்க்

நீராவிக் காலத்துத் தொழில்நுட்பம் அப்படியே வளர்ந்து பெருகியிருந்தால் என்ற கற்பனை. 1987இல் கே. டபிள்யூ. ஜீட்டர் வைத்த பெயர். பொருள் என்று பார்த்தால் நம்மைவிடப் பணக்காரர் யாருமில்லை. ரயில் 1867இல் கண்டிக்கு வந்து, 1885இல் நானுஓயாவுக்கு ஏறி, 1924இல் பதுளையைத் தொட்டது. உருளைகள், சூட்டடுப்புகள், மலையிலிருந்து ஸ்டோருக்குக் கம்பியில் தொங்கி இறங்கும் கொழுந்துச் சாக்குகள். படம் வரைகிறவர்களுக்குக் கொண்டாட்டம்.

இருந்தாலும் எனக்கு இந்த வகையில் ஒரு உறுத்தல். பித்தளை மினுங்குகிற அந்தக் காலத்தை அழகாகக் காட்டக் காட்ட, துரையின் தொப்பியும் பங்களாவின் நெருப்பிடமும் அழகாகிக்கொண்டே போகும். விறகு பிளந்தவரும் கரிப்புகை குடித்தவரும் ஓரத்துக்குப் போய்விடுவார்கள். இதுதான் கழிவு, சிறிய கழிவில்லை. கொதிகலனுக்கு முன் நின்றவரின் கண்ணால் கதை சொல்ல முடிந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் உல்லாசப் பயணிகளுக்கான விளம்பரம்தான் மிஞ்சும்.

மாற்று வரலாறு

மலையகத்தில் இருந்து எழுதுகிறவருக்கு ஆகப் பொருத்தமான வகை எது என்று கட்டாயப்படுத்திக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆகக் கடினமானதும் இதுதான்.

வரலாற்றில் ஒரே ஒரு முளையைப் பிடுங்கிவிட்டு, பிறகு என்ன நடந்திருக்கும் என்று பார்ப்பது. நம் வரலாற்றில் அப்படிப்பட்ட முளைகள் மிகத் தெளிவாகத் தெரிகின்றன.

1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் மாதிரி ஒரு பூஞ்சணம் தோன்றியது. கோப்பித்துரு. இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்டுப் பார்த்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இங்கே கவனிக்க வேண்டியது பானம் மாறியதை அல்ல. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் அதிகம் ஆள் வேண்டும். நம் ஆட்களில் பெரும்பாலோர் மன்னார்க் காட்டு வழியாக நடந்து வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கோ வருடம் முழுக்கக் கை வேண்டும், சில நாளுக்கொரு முறை அதே செடிக்குத் திரும்பிப் போக வேண்டும். எனவே குடும்பமாக வந்து லயத்தில் தங்கினார்கள். ஒரு பூஞ்சணம் வந்ததால் ஒரு சமூகம் குடியேறியது. அந்தத் தூள் வராமல் இருந்திருந்தால்? நாம் இங்கே இருந்திருக்கவே மாட்டோமோ? இந்தக் கேள்வியை எழுதும்போதே கை கொஞ்சம் நடுங்குகிறது.

அடுத்த முளை 1948. அந்த வருடத்து இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ, தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததைக் காட்டச் சொன்னது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத தோட்டத்தில் பூட்டனுக்கு எங்கே போவது? அதற்கடுத்தது 1964 ஒக்டோபர். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றது, 3,00,000 பேரை இலங்கைக்கு என்றது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளி வைத்தது. இந்த எண்களில் ஒன்றை மட்டும் மாற்றி எழுதிப் பாருங்கள்.

வீட்டுப்பாடம் கனமானது. ஆனால் நூலகத்தில் மட்டும் இல்லை, வீட்டுப் பெட்டியிலும் இருக்கிறது. பழைய பாஸ்போட், விண்ணப்பக் கடிதம், தலைமன்னார்க் கப்பலுக்குப் போனவர்கள் ரயில் பெட்டியிலிருந்து கொடுத்துவிட்ட படம். மொழிப் பிரச்சினை அறவே இல்லை. பிரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), பேர் (ஒரு நாள் வேலைக்கான கூலிப் பதிவு), துண்டு (சீட்டு), கங்காணி என்று தேவையான எல்லாச் சொல்லும் வாயில் இருக்கிறது.

கழிவு எங்கே என்றால், வாசகரிடம். மாற்று வரலாறு வேலை செய்ய வேண்டுமானால் வாசகருக்கு அசல் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் யார் வென்றார்கள் என்று உலகத்துக்கே தெரியும், அதை மாற்றினால் எல்லோரும் திடுக்கிடுவார்கள். நம் 1948ஐ மாற்றினால் சென்னையில் மட்டுமில்லை, கொழும்பில் இருக்கிற வாசகர்கூட மாற்றம் நடந்ததையே கவனிக்காமல் போகலாம். எது அசல், எது மாற்று என்று அடிக்குறிப்புப் போட்டால் கதை செத்துவிடும்.

இதற்கு ஒரு வழி உண்டு. கதை நடக்கிற உலகத்தில் அந்தச் சட்டம் வரவே இல்லை என்று வையுங்கள். எல்லோருக்கும் வாக்கு உண்டு, தலவாக்கலையில் ஒரு மாமி பிரதேச சபைத் தலைவராக இருக்கிறார். அங்கே ஒரு பையன் 'கற்பனைக் கதை' ஒன்று எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறான். அதில் ஒரே ஒரு சட்டத்தால் பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள் ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாகி, இரண்டு அரசாங்கங்கள் அவர்களை எண்ணிப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்புகிறார்: 'நன்றாக இருக்கிறது. ஆனால் நம்பும்படியாக இல்லை.' அசல் வரலாறே கதைக்குள் புனைவாக வந்துவிட்டது, அடிக்குறிப்பு தேவையில்லை.

காலப்பயணம்

மாற்று வரலாற்றுக்கு ஒன்றுவிட்ட சகோதரம், ஆனால் மலிவானது. மலிவு என்று குறைவாகச் சொல்லவில்லை, வீட்டுப்பாடச் செலவு குறைவு. இயந்திரம்கூட வேண்டாம். ஒக்டேவியா பட்லர் 1979இல் எழுதிய 'கிண்ட்ரெட்' நாவலில், 1976இல் கலிஃபோர்னியாவில் வாழ்கிற கறுப்பினப் பெண் ஒருத்தி மேரிலண்ட் அடிமைத் தோட்டத்துக்கு இழுக்கப்படுகிறாள். எப்படி என்று பட்லர் கடைசிவரை சொல்வதில்லை. ஏன் அந்தத் தோட்டத்துக்கு என்பதுதான் முக்கியம்.

நமக்கு வாசல் வேண்டுமென்றால் மவுசாகலை நீர்த்தேக்கம் இருக்கிறது. 1960களின் கடைசியில் பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் மட்டம் இறங்கும்போது பழைய கோயிலின் கல் வெளியே வரும். ஆட்கள் இறங்கிப் போய்ப் பார்ப்பார்கள். போன எல்லோரும் திரும்பி வந்தார்கள் என்று யார் எண்ணினார்கள்?

கழிவு: கண்ணீர். பாட்டியைப் போய்ப் பார்த்தேன், கட்டிப்பிடித்தேன், அழுதேன் என்று முடிகிற கதைகள் வருடத்துக்குக் குறைந்தது பத்து என் கைக்கு வருகின்றன. போனவர் அங்கே ஏதாவது செய்ய வேண்டும், அதற்கு விலையும் கொடுக்க வேண்டும். பட்லரின் நாயகி ஒரு கையை இழந்துதான் வீடு திரும்புகிறாள்.

காலநிலைப் புனைவு

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த நமக்கு இது எதிர்காலக் கதை இல்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து அதே வருடக் கடைசியில் நீங்கியதற்கிடையில் செடிகள் என்ன நிறமாயின என்பதும் தெரியும். எனவே வீட்டுப்பாடம் சுலபம், மலைக்கு முழுநேர வேலை. ஆனால் கதைக்கு முன்னால் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். அதைவிட, மண்ணுக்குள் போனவர்களின் சொந்தக்காரர் அடுத்த டிவிசனில் இருக்கிறார், உங்கள் கதையை அவரும் வாசிப்பார். பெயர் மாற்றினால் போதாது. இதே குடும்பத்தில் சோலார்பங்க் என்று நம்பிக்கைப் பக்கம் சாய்கிற கிளையும் உண்டு. மூடிய ஸ்டோரைத் தொழிலாளரே எடுத்து நடத்துகிற கதைகளை அங்கே எழுதலாம். இன்னும் யாரும் அதிகம் போகாத பக்கம்.

ஒரே பார்வையில்

| வகை | வீட்டுப்பாடம் | மலைக்கு வேலை | நீளம் | கழிவு |
|---|---|---|---|---|
| வன் அறிவியல் | அதிகம், ஆனால் கண்முன்னே | நீங்கள் கொடுத்தால் உண்டு | சிறுகதை போதும் | மனிதர் மறைவார் |
| விண்வெளிக் காவியம் | உலகமே கட்ட வேண்டும் | தலைமுறைக் கப்பலில் மட்டும் | நாவல் | இரண்டு வருடம் |
| சைபர்பங்க் | நடுத்தரம் | மடுவம் வரை உண்டு | சிறுகதை | சீக்கிரம் பழசாகும், முறைப்பாடாகும் |
| ரோபோ | குறைவு | ரோதைமுனி இருந்தால் | சிறுகதை | தேய்ந்த பாதை |
| ஸ்டீம்பங்க் | நடுத்தரம் | நிறைய | குறுநாவல், படக்கதை | துரை அழகாகிவிடுவார் |
| மாற்று வரலாறு | மிக அதிகம் | மலைதான் கதை | குறுநாவல் | வாசகருக்கு அசல் தெரியாது |
| காலப்பயணம் | குறைவு | உண்டு | எதுவும் | கண்ணீர் |
| காலநிலை | வாழ்ந்ததே போதும் | முழுநேரம் | எதுவும் | துக்கம் வேறொருவருடையது |

இரண்டு பேருக்கும் சொன்னது

டீச்சரிடம் பாதியில் நின்ற நாலு கதைகளையும் வாங்கிப் பார்த்தேன். ஒன்று விண்வெளி, ஒன்று ரோபோ, இரண்டு காலப்பயணம். நாலிலும் ஏதோ ஒரு சாக்கில் ஒரு தாத்தா வந்து, ஒரு கடித உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். "டீச்சர், உங்களுக்கு இயந்திரத்தில் ஆசை இல்லை, அந்த உறையில்தான் ஆசை" என்றேன். மாற்று வரலாறு எழுதச் சொன்னேன். உறைக்குள் வேறு பதில் இருந்திருந்தால் என்ன என்பது மட்டும் போதும். ஒரு வருடம் எடுக்கும், பரவாயில்லை, அவருக்கு விடுமுறை உண்டு.

ஸ்டோர் தம்பிக்கு விடுமுறை இல்லை. அவருக்கு வன் அறிவியல், இரண்டாயிரம் சொல்லுக்குள். சந்திரனில் தேயிலை ஸ்டோர் வைத்தால் எந்த வேலை முதலில் பிழைக்கும் என்று யோசிக்கச் சொன்னேன். வேலை முழுக்க அவருக்குத்தான் தெரியும், எனக்கில்லை.

பத்து நாள் கழித்து இரவு இரண்டு மணிக்குப் போன். பின்னால் விசிறிச் சத்தம்.

"அண்ணே, நிலாவுல கொழுந்து வாடுமா?"

உள்ளே காற்றை ஓட்டினால் வாடும் என்றேன், தூக்கக் கலக்கத்தில்.

"அதான் அண்ணே. நூறு கிலோ கொழுந்து வாடுனா நாப்பது கிலோ அளவுக்குத் தண்ணி காத்துல போயிரும். இங்க அது ஜன்னல் வழியா போவுது, யாரும் கேக்கல. அங்க விடுவாங்களா? புடிச்சு வடிச்சுக் குடிப்பாங்க. தூளைவிட அதுதான் விலை." கொஞ்சம் நிறுத்தினார். "அப்ப நிறுக்கிற இடத்துல தண்ணிக்குக் கழிக்க மாட்டாங்க அண்ணே. தண்ணிக்குத்தான் பேர் போடுவாங்க."